இரண்டு சொல் முன்னால்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் ஆல்ரெடி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கேட்டில் நிற்கும் காவலாளிக்கும், பசை டின் இறக்க வரும் லாரி டிரைவருக்கும், கேன்டீனில் தட்டு கழுவும் அம்மாவுக்கும் அவர் ஆல்ரெடிதான். "ஆல்ரெடி வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "ஆல்ரெடி ஆல்ரெடி வந்தாச்சு" என்று இன்னொருவர் சொல்வார். ஆறு வருடமாக அந்த ஒரே ஜோக்குக்கு அலுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மாடியில் இருந்த அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வெளியே போகிற ஆங்கிலக் கடிதம் எல்லாம் அவர் கைப்பட்டுத்தான் போகும். அந்த ஆங்கிலத்தை அவர் கற்றுக்கொண்டது விசித்திரமான வழியில். தொழிற்சாலைக்கு மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படி வந்த ஒரு மூட்டையிலிருந்து மேலட்டை இல்லாத இலக்கணப் புத்தகம் ஒன்றை உருவி எடுத்தார். முன்பாதியைத் தண்ணீர் தின்றிருந்தது, பின்பாதியை எலி தின்றிருந்தது. நடுவில் பதினோரு பக்கம் மட்டும் பிழைத்திருந்தது. அது வினையடையை, அதாவது அட்வெர்ப்பை, எங்கே வைப்பது என்கிற பாடம்.

அந்தப் பதினோரு பக்கத்தைக் கரைத்துக் குடித்தார். துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் வினையடை உட்கார வேண்டும். துணைவினை இரண்டு மூன்று வந்தால், முதல் துணைவினைக்கு அடுத்து உட்கார வேண்டும். மற்ற இலக்கணத்தில் அவர் குத்துமதிப்பாகப் போகிறவர்தான். இந்த ஒன்றில் மட்டும் அவரை அசைக்க முடியாது. மருந்து பாட்டிலின் பின்னால் இருக்கும் எழுத்தைக்கூடப் படித்துப் பார்த்து, "சரியாத்தான் வச்சிருக்கான்" என்று தலையாட்டுவார். "ஊர்ல அவனவன் நெலம் வாங்கிப் போடுறான். நீங்க அட்வெர்ப் வாங்கிப் போட்டிருக்கீங்க" என்று மனைவி சொல்வாள். அப்போதெல்லாம் அதில் கொஞ்சம் பிரியமும் இருந்தது.

வினை வந்தது அந்த வினையடையால்தான். வெளியூரிலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் சுவரில் படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "வீ ஹேவ் கம்ப்ளீட்டட் ஆல்ரெடி யுவர் ஆர்டர்" என்று திரையில் ஒரு வரி வந்தது. தண்ணீர் பாட்டில் வைக்க உள்ளே போயிருந்த டைப்பிஸ்டின் வாய் சும்மா இருக்கவில்லை. "ஹேவ் ஆல்ரெடி கம்ப்ளீட்டட்" என்று முணுமுணுத்தார். முணுமுணுத்ததாகத்தான் நினைத்தார். அறையில் எல்லார் காதிலும் விழுந்தது. வந்தவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்து, "அவர் சொல்வதுதான் சரி" என்றார். மேனேஜரும் சிரித்தார்.

மறுநாள் காலை வாராந்திரக் கூட்டத்தில் மேனேஜர், "ஆல்ரெடி எங்கப்பா?" என்று கேட்டார். யாருக்கும் புரியவில்லை. அவர் விரலை நீட்டிக் காட்டினார். அன்றைக்குப் பிறந்த பெயர் அது.

ஒவ்வொரு வாரமும் கூட்டத்தின் முடிவில் மேனேஜர் ஒரு வாக்கியத்தைப் போர்டில் எழுதுவார். "ஆல்ரெடி, எந்திரி. எங்க வைக்கணும்?" என்பார். அவர் எழுந்து சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கைதட்டல், சிரிப்பு. சொல்லாமல் நின்றால் இன்னும் பெரிய சிரிப்பு. நாற்பத்திரண்டு வயதுக்காரர், வாரம் தவறாமல் எழுந்து நின்றார். பெயர் தொழிற்சாலையோடு நிற்கவில்லை. மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா இங்கே லாரிக்குச் சீட்டு எழுதுகிறவர். ஒரு நாள் மகள், "அப்பா, என்னைத் தெரு முனையிலேயே எறக்கி விடுங்க. ஸ்கூல் வாசலுக்கு வராதீங்க" என்றாள். காரணம் கேட்டதற்கு ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவியும் ஒரு சண்டையின் உச்சத்தில், வேறு சொல் கிடைக்காமல், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடுவதையே நிறுத்திவிட்டார்கள். பேசுவதையும் பாதி நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெயரைச் சொல்லாத ஒரே ஆள் கீழே மடிப்பு மெஷினில் வேலை பார்த்த பெண். ஐம்பதைத் தொடுகிற வயது, புருஷன் இல்லை, ஒரே மகள். அவள் அவரைத் தம்பி என்பாள். அவர் அவளை அக்கா என்பார். விடுப்பு விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டு மாடிக்கு வருவாள். எழுதி முடித்ததும் காகிதத்தைக் கையில் வாங்கி, ஒரு எழுத்தும் தெரியாமலே மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்கு தம்பி" என்பாள்.

மடிப்பு மெஷின் என்பது இரண்டு இரும்பு உருளை. அட்டை ஒரு பக்கம் நுழைந்து, மடிப்புக்கோடு விழுந்து, சூடான பசை தடவி மறுபக்கம் வரும். அட்டை சிக்கினால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும் என்று சுவரில் ஆங்கிலத்தில் போர்டு தொங்கியது. ஆனால் நிறுத்தினால் பசை இறுகிவிடும். மறுபடி சூடாக அரை மணி நேரம் போகும். பெரிய ஆர்டர் ஒன்று லாரியில் ஏற வேண்டிய அன்று அட்டை சிக்கியது. சூப்பர்வைசர், "நிறுத்தாத, நிறுத்தாத, அப்படியே உருவு" என்று கத்தினார். அவர் மேனேஜருடைய மச்சான். அவள் உருவினாள். அட்டை வந்துவிட்டது. கை வரவில்லை.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

நான்காம் நாள் வாக்குமூலம் எழுதி வர டைப்பிஸ்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் விபத்தை விசாரிக்கிற அதிகாரிக்கு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். அவள் சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டு மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். பத்தொன்பது வயது.

"எப்படி ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க அக்கா."

"மெஷின நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க தம்பி. அன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே. அன்னைக்கு ரெண்டு தடவ கத்தினாரு. இல்லன்னா நான் எதுக்குக் கைய விடப்போறேன்? எனக்கு என்ன பைத்தியமா?"

அவர் அலுவலகத்துக்கு வந்து, அவள் சொன்னதையெல்லாம் ஒரே வரியாகச் சுருக்கி டைப் செய்தார். ஐ ஹேட் பீன் டோல்ட் நாட் டு ஸ்டாப் த மெஷின். மெஷினை நிறுத்தாதே என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. படித்துப் பார்த்தார். குறை சொல்ல இடமில்லை. கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தார்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "உட்காரு" என்றார். ஆறு வருடத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நாட் அப்படிங்கறது என்னப்பா?"

"இல்லைன்னு அர்த்தம் சார்."

"அர்த்தத்த யாரு கேட்டா? இலக்கணம் கேக்குறேன். அது என்ன சொல்லு?"

"அட்வெர்ப் சார்."

"அட்வெர்ப் எங்க இருக்கணும்?"

டைப்பிஸ்ட் மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"நீதானே நாலு பேர் முன்னாடி எனக்குச் சொல்லிக் குடுத்த? மறந்துபோச்சா?"

"மொத துணைவினைக்கு அடுத்து சார்."

"இங்க எங்க கெடக்குது பாரு. பின்னாடி எங்கயோ தொங்குது. எடுத்து அது எடத்துல வை."

"சார், இந்த நாட் ஸ்டாப்போட சேர்ந்தது. முன்னாடி கொண்டுபோனா அர்த்தம் தலைகீழாப் போயிடும். நிறுத்தாதன்னு சொன்னாங்கங்கறது, நிறுத்துன்னு யாரும் சொல்லலன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. ஒரு வார்த்த கூட்டச் சொன்னேனா? கொறைக்கச் சொன்னேனா? அந்தம்மா சொன்னது அத்தனையும் அதுலயே இருக்கட்டும். நிறுத்துன்னு செவுத்துல போர்டு இருக்கு. ஆள் வந்து சொல்லலன்னு அந்தம்மா சொல்லுது. அப்ப கவனக்கொறவு யாருது?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "கத்தினது யாருன்னு உனக்குத் தெரியும். அவனுக்கு ரெண்டும் கைக்கொழந்த. ஜெயிலுக்குப் போகச் சொல்றியா?"

மேனேஜர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மரப்பலகையை எடுத்து வைத்தார். ஒரு சாண் நீளம், வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளை எழுத்தில் டைப்பிஸ்டின் முழுப்பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. கீழே தலைமை எழுத்தர் என்று போட்டிருந்தது. கேட்பதற்கு முன்பே செய்து வைத்திருந்தார்.

"நாளைக்கே நோட்டீஸ் ஒட்டறேன். இனிமே யாராவது வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒரு நாள் சம்பளம் கட். கேட்ல நிக்கறவன்லேர்ந்து எல்லாருக்கும். மகள ஸ்கூல் வாசல்லயே கொண்டுபோய் விடலாம்."

மகள் விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று டைப்பிஸ்ட் கேட்டுக்கொள்ளவில்லை. எதிரே இருந்த பலகையில் தன் பெயரைப் படித்தார். அந்தப் பெயர் அவ்வளவு நீளம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தன் இடத்துக்கு வந்து அந்தச் சொல்லை இரண்டு சொல் முன்னால் வைத்தார். ஐ ஹேட் நாட் பீன் டோல்ட் டு ஸ்டாப் த மெஷின். அரை நிமிடம் ஆகியிருக்கும். பழக்கதோஷத்தில் மறுபடி படித்துப் பார்த்தார். இலக்கணம் சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது கை கட்டுக்குள் இருந்ததால் இடது கட்டைவிரலை மையில் ஒற்ற வேண்டியிருந்தது. அவளால் உடம்பைத் திருப்ப முடியவில்லை. அவரே அவள் விரலைப் பிடித்து அழுத்தினார்.

"நான் சொன்னத அப்படியே போட்டிருக்கீங்கல்ல தம்பி? ஒரு தடவ படிச்சுக் காட்டுங்களேன்."

அவர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை அவளுக்கே சொன்னார். மெஷினை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, ரெண்டு தடவை கத்தினாங்க. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எல்லாம் நீங்க சொன்ன வார்த்ததான் அக்கா" என்றார் கடைசியில். அதில் பொய் இல்லை என்று படியில் இறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாவது படியிலேயே அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை. இருந்தாலும் கீழே போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

விசாரணை ஐந்து வாரம் கழித்து நடந்தது. பச்சை பெயின்ட் அடித்த அறை, நீள மேசை, ஓடாத மின்விசிறி. அதிகாரி வாக்குமூலத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெஷின நிறுத்தணும்னு யாரும் சொல்லல, அதனால நிறுத்தலன்னு சொல்றீங்க. போர்டு இருந்துச்சேம்மா?"

"இல்லீங்க ஐயா. நிறுத்தாதன்னு சொன்னாங்க."

"இதுல அப்படி இல்லையே."

"அதான் சொன்னேன். தம்பிகிட்ட சொன்னேன்."

"அன்னைக்குச் சொன்னது ஒண்ணு, இன்னைக்குச் சொல்றது ஒண்ணா? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? இது உங்க ரேகதானே?"

அவள் நாற்காலியோடு திரும்பினாள். கட்டுப் பிரித்த கை மடியில் கிடந்தது. அதை ஒரு துண்டால் மூடியிருந்தாள். "தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்கதானே எழுதினீங்க."

அதிகாரியும் திரும்பினார். "மொழிபெயர்ப்பு சரிதானே?"

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இலக்கணப்படி சரிதான் சார்" என்றார் டைப்பிஸ்ட்.

தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பு வந்தது. ஒரு கையால் செய்கிற வேலை எதுவும் தொழிற்சாலையில் இல்லை என்று அடுத்த வாரம் அவளை நிறுத்தினார்கள். அவள் இடத்துக்கு அவள் மகளை எடுத்துக்கொண்டதை மேனேஜர் கூட்டத்தில் பெருந்தன்மையாகச் சொன்னார். அதே மெஷின்.

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. நோட்டீஸ் ஒட்டினார். மேசையில் பலகை வந்தது. காவலாளி முழுப்பெயரோடு சார் சேர்த்துச் சொல்லி வணக்கம் வைத்தான். லாரி டிரைவர்களும் அப்படியே. ஆனால் முன்பு ஆல்ரெடி என்று கூப்பிட்டவர்கள் தோளில் கை போட்டுக் கூப்பிட்டார்கள், ஒரு வாய் டீ கொடுத்தார்கள். இப்போது கேன்டீனில் அவர் தட்டோடு வந்தால் அந்த மேசையில் இருந்தவர்கள், முழுப்பெயரையும் சொல்லி, "வாங்க சார், உக்காருங்க சார்" என்று எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். பிரித்துப் பிரித்து, ஒரு எழுத்து விடாமல் சொன்னார்கள். அதற்குத் தண்டனை எதுவும் நோட்டீஸில் இல்லை.

தீர்ப்பு வந்து பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்காவின் மகள் மாடிக்கு வந்தாள். கையில் வாக்குமூலத்தின் நகல். பள்ளிக்கூடம் முடித்தவள், எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிப்பாள்.

"இந்த நாட் இங்க எதுக்கு வந்துச்சு சார்?"

விரல் சரியாக அந்தச் சொல்லின் மேல் இருந்தது. அவர் பக்கத்தில் ஆள் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். "நாட்டும் ஒரு அட்வெர்ப்மா. துணைவினை ரெண்டு வந்தா, மொத துணைவினைக்கு அடுத்து..."

அவள் முழுவதும் கேட்டாள். "சரி சார்" என்றாள். பிறகு, "முப்பது நாளைக்குள்ள மேல எழுதிப் போடலாமாம். எழுதினது தப்பா எழுதிட்டேன்னு நீங்க ஒரே ஒரு வரி குடுத்தாப் போதுமாம். அந்த ஆபீஸ்ல விசாரிச்சேன்" என்றாள்.

"குடுக்கறேன்மா" என்றார். அப்போது அதை மனதாரத்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் எழுத உட்கார்ந்தார். வாக்கியத்தைத் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று எழுத வேண்டும். ஐ ஹேவ் ராங்லி டிரான்ஸ்லேட்டட். தவறாக என்றால் தெரியாமல் செய்த மாதிரி இருந்தது. தெரிந்தே என்று போட்டார். அது வேலைக்கு உலை வைக்கும். தெரியாமல் என்று மாற்றினார். அது அந்த அக்காவுக்கு இரண்டாவது தடவை செய்கிற துரோகம். வினையடையை எடுத்துவிட்டுப் பார்த்தார், வாக்கியம் மொட்டையாக நின்றது. மறுபடி வைத்தார். மறுநாளும் வைத்தார், எடுத்தார். காகிதங்களை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். சரியான இடம் கிடைக்கும்வரை கொடுக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு மெல்ல மெல்லச் சௌகரியமாகிவிட்டது. தான் தேடுவது இலக்கணமில்லை என்று ஒரு நாள் அவருக்கே பட்டது. பட்டபிறகும் தேடிக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டாம் நாள் அவள் வந்தாள். அட்டைத் தூசி படிந்த தலைமுடியோடு, வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"இன்னும் சரியா வரலம்மா. ஒரு எடத்துல ஒதைக்குது."

"எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது சார். தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்ல, வாங்கிட்டு வான்னாங்க."

"நாளைக்குக் கண்டிப்பா."

மறுநாள் அவர் விடுப்பு எடுத்தார். அதற்கு அடுத்த நாளும். அதோடு முப்பது முடிந்தது. அந்தப் பெண் பிறகு மாடிக்கு வரவில்லை. கீழே போகும்போது எதிர்ப்பட்டால், மற்றவர்களைப் போலவே முழுப்பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தாள்.

இதற்குள் அவர் தன் மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடத் தொடங்கியிருந்தார். மகள் இப்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்வதில்லை. மனைவி மட்டும் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மா கை போனதுக்கு என்னதான் எழுதினீங்க?" அவர் ஆங்கிலத்தில் அந்த வரியைச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. தமிழில் சொல்லச் சொன்னாள். அவர் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. மடித்த துணியில் அவருடையதைத் தனியாக எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வருடம், மழை விட்ட ஒரு மத்தியானம், பஸ் நிறுத்தத்தில் அந்த அக்காவைப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"தம்பி!" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அதுதான் அவரைக் கதிகலங்க வைத்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த செருப்பு வாரு கழண்டுபோச்சு. ஒத்தக் கையில மாட்ட வரல. அஞ்சு நிமிசமா மல்லுக்கட்டுறேன், பஸ் வந்துடும். கொஞ்சம் மாட்டி விடுங்களேன்."

அவர் சேறான தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். சின்ன வளையம், ஈரத்தில் உப்பிய தோல் வார். துளை அகப்படவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தமிழில்தான் சொல்லப்போகிறார், இதில் எதை எங்கே வைப்பது என்ற குழப்பமே கிடையாது. "அக்கா, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினார்.

"தெரியும் தம்பி" என்றாள் அவள். "மக எல்லாம் படிச்சுச் சொல்லிட்டா. வார மாட்டுங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாரைத் துளையில் திணித்தார். தளர்வாக நின்றது, அடுத்த துளைக்கு எட்டவில்லை. பஸ் வந்து நின்றது. அவள் அவர் கைகளுக்கு நடுவிலிருந்து காலை இழுத்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். இரண்டாவது படியில் செருப்பு குதிகாலிலிருந்து கழன்றது. காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள்.